இடப்பக்கக் கீறல்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டு, மற்ற வீட்டு ஆண்கள் எல்லாம் கால் நீட்டிப் படுக்கிற நேரத்தில் என் வீட்டுக்காரர் முற்றத்தில் குந்தியிருந்தார். பட்டப்பகலில் கையில் டார்ச். காரின் இடப்பக்கக் கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். வெளிச்சத்தை அதன் மேல் சாய்த்து அடித்து, நகத்தால் மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவ்வளவு பதமாக அவர் தொட்டுப் பார்த்ததில்லை. நான் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "ஏட்டி, இங்க வா" என்று கூப்பிட்டார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

"இது நீயாக்கும்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வது மாதிரிச் சொன்னார், அதுதான் எரிச்சலாக இருந்தது. கீறல் முன்பக்கம் மெலிசாகத் தொடங்கிப் பின்னால் போகப்போகத் தடிக்கிறதாம், அதனால் வண்டி முன்னால் போகும்போது பட்டது. உயரத்தைப் பார்த்தால் சைக்கிள் ஹேண்டில் கிடையாது, மதில் தூண். ஓரத்தில் வெள்ளைப் பொடி, அப்படியென்றால் சிமென்ட் பூச்சு. இவ்வளவும் சரிதான். இந்த விஷயத்தில் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கல்யாண வீட்டு வாசலில் வரிசையாக நிற்கிற கார்களின் கீறலைப் பார்த்தே எதைப் புதிதாக வண்டி படித்தவர்கள் ஓட்டுகிறார்கள், எதை மகன் அப்பாவுக்குத் தெரியாமல் எடுக்கிறான், எது குடித்துவிட்டு வீடு சேர்கிற வண்டி என்று என் காதில் சொல்லிக்கொண்டே வருவார். பந்தியில் உட்கார்ந்த பிறகு அந்தக் குடும்பங்களின் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

"வலப்பக்கம் ஓட்டுறவனுக்க தேகம் உண்டு. அதனால அந்தப் பக்கத்துக்க அளவு தானாத் தெரியும். இடப்பக்கம் தேகம் இல்லல்லா. அங்க வண்டிக்க அளவ மனசில வச்சுக்கிடணும். அது வர வருஷமாகும். இது ஓட்டப் படிக்குத ஆளுக்க கீறலாக்கும், விமலா."

நான் கீறலைப் பார்த்தேன். அது எப்போது விழுந்தது, எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் காலையில் அவர் தனியாக ஓட்டிப் போய்விட்டு வந்து காரை உள்ளே ஏற்றும்போது நான் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் கேட்டின் இடப்பக்கத் தூணில் கதவு உரசுகிற சத்தம் என் பல்லில் ஏறியது. அவர் இறங்கி வந்து, பைப்பு போடத் தோண்டிய ரோட்டை மூடாமல் விட்டிருக்கிறார்கள், கல் சாடிச் சாடி வண்டியின் அடியில் அடிக்கிறது என்று பஞ்சாயத்தைத் திட்டிவிட்டுக் கை கழுவப் போனார். நான் போய்ப் பார்த்தபோது தூணில் காரின் நீலப் பெயின்ட் ஒரு கோடாக இருந்தது. தேங்காய்ச் சவுரி நாரை நனைத்து அதைத் தேய்த்து எடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

"ஆமா, நானாத்தான் இருக்கும்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச நாளைக்கு நான் வண்டியைத் தொட வேண்டாம் என்றும், தானே காலையில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதாகவும் சொல்லி என்னிடமிருந்த சாவியை வாங்கி அலமாரியில் வைத்தார். நான் சொன்ன ஒரு பொய்யால் அவர் வாரம் முழுக்க ஓட்டப்போகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்காரருக்கு ராபின்சன் என்று பெயர். நெய்யாற்றின்கரையில் நீர்ப்பாசன ஆபீசில் கிளார்க். ஆபீசுக்குக் காரில் போகிற வழக்கமில்லை, பகல் முழுக்க வெயிலில் காயப்போடவா கார் வாங்குவது என்பது அவர் கேள்வி. பாறசாலையில் ரயில் ஏறிப் போவார். வாரநாட்களில் காரை நான்தான் குன்னத்துகால் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருக்கிறேன். ஓட்டப் படித்தது பிந்தித்தான். அவர் சொல்லித்தர மாட்டேன் என்றுவிட்டார், கிளட்ச் வீணாகிவிடுமாம். டிரைவிங் ஸ்கூலில் அவர்கள் கிளட்சை வீணாக்கிப் படித்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை மட்டும் அவருக்கும் காருக்கும் உள்ளது. மனிதனுக்கு நடை மாதிரி வண்டிக்கு ஓட்டம் வேண்டும் என்று சொல்லி, செங்கல் வழியாகப் பூவார் வரை போய், ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்புவார். கூட வரட்டுமா என்று முதலில் கேட்டிருக்கிறேன். ஆள் கூடினால் வண்டிக்கு எடை கூடும் என்று பதில் வந்தது. அப்புறம் நான் கேட்கவில்லை.

நீல நிற ஃபியஸ்டா. அதைச் செய்த கம்பெனி இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. ஒரு சைடு கண்ணாடி போனால் எங்கெங்கோ ஆளைப் பிடித்து வரவழைக்க வேண்டும். பெங்களூரில் வேலையில் இருக்கும் எங்கள் மகள் ஜோஸ்னா, புதிதாக ஒன்று வாங்குங்களேன் என்று சொல்லும்போதெல்லாம் அவருக்கு முகம் சுருங்கும். இப்போது வருகிறதெல்லாம் சக்கரம் வைத்த டிவி, ஸ்டியரிங்கைப் பிடித்தால் ரோடு கைக்குத் தெரிவதில்லை என்பார். ஊரில் கார் வாங்குகிறவர்களைப் பற்றியும் அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கல்ஃபிலிருந்து வந்து வீடு கட்டி, பெரிய வண்டி ஒன்றை உறை போட்டு மூடி நிறுத்துகிறவர்களைக் கண்டால், "இவனுக்கு காரு வேண்டாம், காரு கிடக்குத முற்றம்தான் வேணும்" என்பார். களியக்காவிளைக்குப் போனால் பெட்ரோல் லாபம் என்று தமிழ்நாட்டு எல்லைக்குள் போய் வரிசையில் நிற்கத் தெரிகிறது, டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தெரியவில்லையே என்று ஆத்திரப்படுவார். இதையெல்லாம் கார் பைத்தியங்கள் கூடுகிற ஏதோ இணையதளத்தில் பக்கம் பக்கமாக எழுதவும் செய்வார். அங்கே அவருக்கு ஏக மதிப்பு. டில்லியிலிருந்தும் பூனாவிலிருந்தும் ஆட்கள் சார், சார் என்று சந்தேகம் கேட்பார்கள். எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால் அடைக்க ஆள் கூப்பிட வேண்டும்.

காருக்குள் அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. தின்னக் கூடாது. கதவை அடித்துச் சாத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டக் கூடாது. என் அண்ணன் ஒருமுறை பழக்கதோஷத்தில் முழங்கையை வெளியே வைத்தார் என்று நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, முன்னால் பார்த்தபடி சும்மா இருந்தார். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். அண்ணன் கையை உள்ளே எடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

ஞாயிறு சாயங்காலம் டிவியில் கார் ரேஸ் இருந்தால் எங்கள் வீட்டுக்கு யாரும் வரக் கூடாது. முதலில் எனக்கு அது ஈக்கூட்டம் சுற்றுகிற மாதிரித்தான் இருந்தது. கூட இருந்து பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் பிடிபட்டது. ரேசில் சாகிறவர்கள் குறைவு, ரோட்டில்தான் சாவு என்பது அவர் எப்போதும் சொல்வது. அங்கே எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள், எதிரே ஒருத்தனும் வரமாட்டான், பக்கத்தில் வருகிறவன் யார் என்று ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். இங்கே டிப்பர் லாரி எந்தப் பக்கம் வரும் என்று டிப்பர் ஓட்டுகிறவனுக்கே தெரியாது. ஊர்த் தெருவை அடைத்து நடத்துகிற ரேஸ் என்றால் அவருக்கு உயிர். இரண்டு பக்கமும் சுவர் நெருக்கி நிற்கும். டயருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இலை நுழைகிற இடம்தான் இருக்கும், அந்த வேகத்தில் ஒருத்தன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவான். இவர் நாற்காலியில் இருந்தே தோளைச் சாய்ப்பார். "அவன் சுவரப் பாத்து ஓட்டுதான்னு நினச்சியா? பாக்கவே மாட்டான். சுவரு அங்க இருக்குன்னு அவனுக்க தோளுக்குத் தெரியும்" என்று என்னைப் பார்த்துச் சொல்வார். அந்த நேரத்து முகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல்யாணமான புதிதில் இருந்த ஆள் அந்த முகத்தில் மட்டும்தான் மிச்சமிருந்தார்.

தம்ளரில்தான் முதலில் கவனித்தேன். சாப்பிடும்போது தண்ணீரை எப்போதும் இலைக்கு இடப்பக்கம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் கை அதைத் தட்டிவிடத் தொடங்கியது. ஒருநாள், இரண்டுநாள் என்று பார்த்தேன், பிறகு பேசாமல் வலப்பக்கம் வைத்தேன். நான் இடம் மாற்றியதையும் அவர் கவனிக்கவில்லை. வாசல்நிலையில் இடதுதோள் இடிக்கும், நிலையைத் திட்டுவார். அப்புறம் சபையில். எங்கள் சபையில் பெண்கள் ஒருபக்கம், ஆண்கள் ஒருபக்கம் இருப்போம். பாட்டு நடக்கும்போது சபையில் வேலை பார்க்கிற ஈசாக் நீளக் கம்பில் கட்டிய காணிக்கைப் பையை ஒவ்வொரு வரிசையாக நீட்டிக்கொண்டு வருவான். அன்றைக்கு அவன் இவருடைய இடப்பக்கமாக வந்து பையை நீட்டிக்கொண்டே நிற்கிறான். இவர் ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து உரக்கப் பாடுகிறார். காணிக்கை ரூபாய் சட்டைப்பையில் மடித்துத் தயாராக இருக்கிறது, வீட்டிலிருந்து நான் எடுத்துக் கொடுத்தது. ஈசாக் பையை மெல்ல ஒரு ஆட்டு ஆட்டினான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கடைசியில் அவன் அடுத்த ஆளிடம் போய்விட்டான். கிளார்க்குக்குக் கை வரவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டானது. அது என் காதுக்கும் வந்தது.

அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. பக்கவாட்டில் யார் வந்தாலும் திடுக்கிடுவார். பிறகு நேரே வந்தாலும் குரலைக் கேட்டுத்தான் ஆளை அறிவார். கண்ணுக்குள் பிரஷர் என்று கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. போன பார்வை திரும்பாது, ஆனால் பிள்ளைகளாவது வருஷா வருஷம் கண்ணைக் காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். என் மாமனார் கடைசி வருஷங்களில் கட்டிலில் உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டி விரலை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கஞ்சி கொண்டுபோகும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். மகன் அந்த அறைக்குள் அதிகம் வரமாட்டார்.

கண்ணைக் காட்டுவோம் என்று நான் சொல்லாமல் இல்லை. சொன்ன அன்றைக்கு ரோட்டின் அந்தக் கடைசியில் போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் நம்பரைத் தப்பில்லாமல் வாசித்துக் காட்டினார். அவருக்கு வேண்டியது நேரே தெரிந்தது, கண்ணாடிகூட இல்லாமல். மற்றது இல்லாமல் போனது அவருக்குத் தெரியவில்லை. இல்லாததை எப்படிப் பார்க்க முடியும்? அந்தக் கீறல் உங்களுடையது என்று நான் சொல்லியிருந்தால் ஏன் என்ற அடுத்த கேள்வி வந்திருக்கும். அந்தக் கேள்விக்குப் பதிலாக அவருடைய அப்பாவின் கட்டில்தான் வந்து நிற்கும். அதற்கு நான் படிக்கிற ஆளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து இடப்பக்க சீட்டில் நான். இவ்வளவு காலம் அதில் உட்கார்ந்திருந்தும் அந்தப் பக்கத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் கண்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன்கூடைப் பெண்கள், ரப்பர் பால் வாளியோடு போகிறவர்கள், நாய், மைல்கல், மதில், மதில், மதில். "சூட்சிச்சு, பாத்து" என்று சும்மா சொல்வது மாதிரிச் சொல்வேன். "பாவம், மழையில நனையுது" என்று ஒரு பிள்ளையைக் காட்டுவேன். அப்படிச் சொன்னால் தலையைத் திருப்புவார், திருப்பினால் தெரியும், வண்டியை ஒதுக்குவார். கர்த்தரைக் கூப்பிடாமல் நான் பள்ளிக்கூடம் சேர்ந்த நாள் இல்லை. வாய் ஓயாமல் பேசுகிறேன் என்று அவருக்குச் சலிப்பு. "உன்னக் கூட வச்சு ஓட்டினா ரேடியோ வேண்டாம்" என்றார்.

அந்த வியாழக்கிழமை நான் பேசவில்லை. இராத்திரி முழுக்கத் தூங்காமல் கண் சொருகிவிட்டது. கண்ணைத் திறந்தபோது எங்கள் வீட்டுக்கு மேற்கே இருக்கிற விஜயம்மா, பால் சொசைட்டிக்குப் போகிறவள், ஒரு கையில் பால் கேனும் ஒரு கையில் குடையுமாக எங்களுக்கு முன்னே ஓரத்தில் நிற்கிறாள். சிரித்துக்கொண்டு நிற்கிறாள். வண்டி அவள் மேலேயே போகிறது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். கார் நடுரோட்டுக்குத் துள்ளி, ஒரு ஆட்டோக்காரன் திட்டிக்கொண்டே விலகிப் போனான். இவர் வண்டியை நிறுத்தினார். அவருக்கு அப்படியொரு கோபம் வந்து நான் கண்டதில்லை.

"எட்டீ, உனக்கு பைத்தியமா? ஓட்டுறவனுக்க ஸ்டியரிங்கில கை வைப்பாளா ஒருத்தி? எதுக்கு இழுத்த?"

என் பக்கத்துக் கண்ணாடியில் விஜயம்மா தெரிந்தாள். ஓடைக்குள் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக நின்றாள். கேன் சரிந்து பால் மண்ணில் போய்க்கொண்டிருந்தது. குடை ஓடையில் விரிந்தபடி கிடந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பதிலுக்காக. அந்த முகத்தில் ஒன்றும் ஒளித்து வைத்திருக்கவில்லை. உண்மையாகவே எதற்கு இழுத்தேன் என்று அவருக்குத் தெரியவில்லை.

"பூனை" என்றேன்.

"பூனைக்காகவா மனுஷனக் கொல்லப் பாத்த?" என்று கியரைப் போட்டார்.

விஜயம்மா அன்று சாயங்காலமே வந்தாள். சண்டைக்கு வரவில்லை. நான் துணி எடுத்துக்கொண்டு நின்ற இடத்துக்கு வந்து, காலில் கட்டிய கட்டோடு கல்லில் உட்கார்ந்தாள். அவர் இன்னும் ஆபீசிலிருந்து வந்திருக்கவில்லை. சாருக்குத் தன் மேல் ஏதாவது விரோதம் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"நான் அவரப் பாத்துச் சிரிச்சேனாக்கும், டீச்சரே. பின்னயும் வண்டி நேர எனக்க மேல வருது. எனக்கு ஓடைக்குள்ள சாட ஒத்துது, அதனால தப்பிச்சேன். அந்த வழியாத்தான் நம்ம பிள்ளியளும் போவுது."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் போன பிறகு துணிகளை மடித்து மடித்துத் திரும்ப உதறினேன். என்னிடம் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையின் முகமும் வந்தது. எந்தப் பிள்ளை எந்தப் பக்கமாக நடந்து வரும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்தேன். சனிக்கிழமை பூவாருக்குப் புறப்பட்டவரை, நெஞ்சு படபடக்கிறது, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று பிடித்து நிறுத்தினேன். அது பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஆளை எத்தனை நாள் காய்ச்சலைச் சொல்லி வீட்டில் கட்டிப் போட முடியும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஸ் இருந்தது. நான் எப்போதும் உட்காருகிற நாற்காலி அவருக்கு வலப்பக்கம். சாயா போட்டுக்கொண்டு போனவள், என்ன நினைத்தேனோ, அடுக்களை வாசல் வழியாகப் போகாமல் படுக்கையறை வழியாகச் சுற்றி அவருடைய இடப்பக்கம் வந்து நின்றேன். சோதித்துப் பார்க்கத்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கை நீட்டினால் அவர் தோளைத் தொடலாம். வண்டிகள் புறப்படத் தயாராக இரண்டிரண்டாக நின்றன. சிக்னல் விளக்குகள் அணைந்தன, எல்லாம் கிளம்பின. அவர் முன்னால் குனிந்தார். நான் அசையாமல் நின்றேன். ஊர்த் தெருவில் நடக்கிற ரேஸ்தான் அது. ஒருத்தன் சுவரை ஒட்டித் திருப்பினான், இவர் தோள் சாய்ந்தது, முகம் மலர்ந்தது. வழக்கம்போல என்னிடம் சொல்வதற்காக வலப்பக்கம் திரும்பினார். காலி நாற்காலியைப் பார்த்தார். கொஞ்சம் ஏமாந்த மாதிரி திரும்ப டிவியைப் பார்த்தார். மறுபடியும் வண்டிகள் சுற்றி வந்தன, மறுபடியும். சாயாவில் ஆடை படிந்தது. என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் நின்றது, துடைக்கக் கையில்லை.

"விமலா" என்று அடுக்களையைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "சாயா என்ன ஆச்சு? அங்க என்ன செய்யுத?"

"நான் இங்கதான் நிக்கேன்."

அவர் உடம்பு அப்படியே தூக்கிவாரிப் போட்டது. தலையை மெல்லத் திருப்பினார். என்னைக் கண்டார், இரண்டு கையிலும் இருந்த தம்ளர்களைக் கண்டார், ஆடை படிந்த சாயாவைக் கண்டார். எப்போது வந்தாய் என்று கேட்டார். வண்டி கிளம்பும் முன்னாலேயே என்றேன். சிரிக்க வேண்டுமா வேண்டாமா என்பது போல அவர் வாய் ஒருமுறை அசைந்தது. பிறகு முன்னால் திரும்பி, முதுகை நிமிர்த்தி நேரே டிவியைப் பார்த்தபடி, இடதுகையைப் பக்கவாட்டில் நீட்டி விரல்களை அசைத்தார். அசைத்தபடியே கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நின்றுவிடட்டும், நின்றுவிடட்டும் என்று மனசுக்குள் சொன்னேன். கை நிற்காமல் வந்தது. கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் நின்றது. தன் விரல்களை யாருடையதோ போலப் பார்த்தார். டிவியில் ஒரு வண்டி சுவரில் மோதிச் சிதறியது, ஆட்கள் கத்தினார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை.

"நம்ம கேட்டுத் தூணா?" என்றார்.

"ஆமா."

"அதில பெயின்ட் இருந்திருக்குமே."

"சவுரி வச்சுத் தேச்சு எடுத்தேன்."

கீறலை நகத்தால் தடவியதுபோலக் கட்டைவிரலால் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் பூனை?"

"விஜயம்மா" என்றேன்.

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை மட்டும் குறைத்தார். வண்டிகள் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்று அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். எழுந்து போகும்போது வாசல்நிலையின் இடப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போனார். நேரே மேற்கு வீட்டுக்குத்தான் போனார். அங்கே என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காலையில் நான் லீவு சொன்னேன். நெய்யாற்றின்கரையில் கண் டாக்டரைப் பார்க்க இராத்திரியே முன்பதிவு செய்திருந்தேன். பஸ்ஸில் போகலாமா என்று கேட்டேன். அவர் அலமாரியைத் திறந்து சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். முற்றத்துக்கு வந்து, பழக்கத்தில் வலப்பக்கக் கதவு வரைக்கும் போய்விட்டார். அங்கே நின்றார். பிறகு பானெட்டில் கையை வைத்து, கையை எடுக்காமலே சுற்றி, இடப்பக்கம் வந்தார். கீறலின் மேல் ஒருமுறை விரல் பட்டது. கதவைத் திறந்து உட்கார்ந்தார். தன் காரில் அந்த சீட்டில் அவர் உட்கார்ந்து நான் கண்டதில்லை. கால் வைக்க இடம் போதாத மாதிரி அசைந்து அசைந்து உட்கார்ந்தார். பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தேடினார், நான் மாட்டிவிட்டேன்.

கேட்டுத் தூணைத் தாண்டும்போது வண்டியை ஊர விட்டேன். ஒன்றும் படவில்லை. கிளட்சைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. எங்கள் இடவழி மெயின் ரோட்டில் சேருகிற வரைக்கும் ஒருபக்கம் மதில், அந்த மதிலுக்கு முன்னால் வேலியாகச் செம்பருத்தி வளர்ந்து ரோட்டுக்குச் சாய்ந்து நிற்கும். எல்லாம் அவருடைய பக்கம். அவர் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்துப் பார்த்தால் இடதுகை வெளியே இருக்கிறது. மணிக்கட்டு வரைக்கும் இல்லை, முழங்கை வரைக்கும் நீட்டி, விரல்களை விரித்து வைத்திருக்கிறார்.

கையை உள்ளே எடுங்க என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. வேகத்தைக் குறைத்தேன். மதில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், இடப்பக்கம் கொடுத்தேன். செம்பருத்தி இலைகள் ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் பட்டுப் பட்டு விலகிக்கொண்டிருந்தன. அவர் கையை எடுக்கவில்லை.